இரண்டு இறக்கையும் வெள்ளைதான்

தெரு முழுக்கக் கண்ணாடிக்காரர் என்று கூப்பிடும் அந்த மனிதர் கண்ணாடி போடுவதில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் முப்பத்தோரு வருடமாகச் சட்டத்துக்குள் வில்லை பொருத்துகிறார். கண்புரை என்று தெரிந்து கலங்கி வருகிறவர்களைத் தேற்றி அனுப்புவதும் அவர்தான். "கால் மணி நேர வேலைங்க. எறும்பு கடிச்ச மாதிரிகூட இருக்காது" என்பார். இப்படி அவர் சொல்லி அனுப்பிய கண்களைக் கொண்டு ஒரு சின்ன ஊரையே நிரப்பிவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வேறு ஆள். ஃபோம் அட்டையை வெட்டி ஒட்டி, மோட்டார் வைத்து, ஊருக்கு வெளியே ஒரு பொட்டலில் ரிமோட்டால் விமானம் விடுவார். விமானத்தின் உடம்பு அவர் பொறுப்பு. உடுப்பு மனைவி பொறுப்பு. வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைக்கிறவள் அவள். வெறும் ஃபோம் சீக்கிரம் நொறுங்கும் என்பதால் மேலே வண்ண டேப் ஒட்ட வேண்டும். பின்விளிம்பில் தொடங்கி, ஓடு வேய்வதுபோல் ஒன்றன்மேல் ஒன்றாக முன்னால் வந்தால்தான் காற்று அதைக் கிளப்பாது. இழுத்து ஒட்டினாலோ இறக்கை வாழைப்பழமாக வளையும். கடைசியில் மேலே துணி போட்டு, இளஞ்சூட்டில் இஸ்திரி. சூடு ஒரு பிடி கூடினால் மூன்று வார உழைப்பு சுருண்டு படுத்துவிடும்.

இறக்கைக்கு அடியில், வயிற்றுப் பக்கம் மட்டும் ஒரு சிவப்புப் பட்டை வரும். அது அழகுக்கு அல்ல. தூரத்தில் போகும் விமானம் நிமிர்ந்திருக்கிறதா, கவிழ்ந்திருக்கிறதா என்பதற்கு அதுதான் சாட்சி.

"இந்தத் தடவை பட்டையை ஒரு சாண் அகலத்துக்குப் போடேன்" என்றார் அவர்.

"ஒரு சாணா? ஏங்க, இது விமானமா, ரோடு போடற வண்டியா?"

"டிசைன்மா. இப்பல்லாம் அப்படித்தான் போடறாங்க."

"யாரு போடறாங்க?"

"பெரிய பெரிய ஆளுங்க."

அவள் சுவரைப் பார்த்தாள். அங்கே பழைய விமானங்களின் இறக்கைகள் ஆணியில் வரிசையாகத் தொங்கின. முதல் இறக்கையில் பட்டை ஒரு விரல் அகலம். அடுத்ததில் இரண்டு விரல். அதற்கடுத்ததில் உள்ளங்கை. கடைசி விமானம் போன மாதம் தலைகுப்புற விழுந்தது. காற்றுதான் காரணம் என்று அவர் சொன்ன அன்று, கொடியில் போட்ட துணிகூட அசையவில்லை.

சீருடை வேலை குவிந்திருந்ததால், வெள்ளை டேப்பை அவரே ஒட்டத் தொடங்கினார். மாலையில் அவள் வந்து பார்த்தபோது ஒரு கொப்புளம், ஒரு சுருக்கம் இல்லை. ஆனால் இடது இறக்கை வெள்ளை. வலது இறக்கை வெளிர்மஞ்சள்.

"எப்படி?" என்றார், காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு.

"நல்லாயிருக்கு. இது என்ன கலர்?"

"வெள்ளை."

"அது?"

"அதுவும் வெள்ளைதான். நீதானே வாங்கிட்டு வந்தே?"

வேறு நாளாக இருந்தால் ஒரு வாரம் சிரித்திருப்பாள். இப்போது பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எத்தனை நாளா?"

அவர் டேப்பின் முனையை நகத்தால் தேடிக்கொண்டிருந்தார். "ஒரு வருஷம் இருக்கும். போன விமானம் வருதா போகுதான்னே தெரியல. அதான் விழுந்துருச்சு."

"காத்துன்னீங்க?"

"காத்து வந்து இல்லைன்னா சொல்லப்போகுது?"

"நாளைக்கே டாக்டர்கிட்ட போவோம்."

"கண்ணுல கத்தி வைப்பாங்கம்மா."

"கால் மணி நேர வேலைங்க. எறும்பு கடிச்ச மாதிரிகூட இருக்காது."

"அது கடைக்கு வர்றவங்களுக்குச் சொல்றது."

"அப்ப பொய்யா?"

"பொய்யில்ல. எனக்கு இன்னும் பண்ணலையே, எனக்கெப்படித் தெரியும்?"

மறுநாள் காலை, விமானத்தின் வயிற்றில் சிவப்புப் பட்டையை ஒட்டினாள், ஒரே ஒரு விரல் அகலத்துக்கு. பழைய போர்வையில் விமானத்தைச் சுற்றி அலமாரிமேல் வைத்தாள். "இதுக்கு மேல ஒரு நூல்கூட அகலமாக்க மாட்டேன். இந்தப் பட்டை தெரியற அன்னிக்குப் பறக்க விடுங்க."

ஊருக்கு உபதேசம் செய்தவர் ஒன்பது நாள் தாக்குப்பிடித்தார். பத்தாம் நாள், சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டே, "நாளைக்கு லீவு சொல்லிட்டேன்" என்றார். ஆபரேஷன் அறைக் கதவுவரை அவர் பிடித்திருந்த பிடியில் அவள் கையில் நான்கு நகத்தடம் பதிந்தது. பதினேழு நிமிடத்தில் வெளியே வந்து, "ரெண்டு நிமிஷம் கூட ஆக்கிட்டாங்க" என்று குறைப்பட்டார். அடுத்த மாதம் மறுகண்.

பிறகு ஒரு காலையில் போர்வையைப் பிரித்தார்.

"இதுல மஞ்சள் யாரு ஒட்டினது?"

"நீங்கதான்."

மஞ்சளை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "அப்பவே சொல்லக்கூடாதா?"

"சொன்னா பிய்ச்சிருப்பீங்க. டேப்போட ஃபோமும் சேர்ந்து வந்திருக்கும்."

நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "உனக்கு எப்ப இவ்வளவு நரைச்சுது?"

"பட்டை அகலமாக ஆரம்பிச்சப்ப."

அந்த ஞாயிறு அவளும் பொட்டலுக்குப் போனாள். விமானம் ஏறி, தூரத்தில் ஒரு வட்டம் போட்டது.

"வலது பக்கம் சாயுது. மஞ்சள் கீழே" என்றார் அவர்.

"நான் பட்டையைக் கேட்டேன்."

விமானத்தைத் திருப்பி, தாழ்த்தி, தலைக்கு மேலாகக் கொண்டுவந்தார். வயிறு தெரிந்தது.

"தெரியுது. கோணலா ஒட்டியிருக்கே."

வாழ்நாளெல்லாம் நேர்க்கோட்டில் தைத்தவளுக்குக் குறை கேட்டு அத்தனை சந்தோஷம் வந்தது அன்றுதான். கோணல் உண்மைதான். ஒட்டிய அன்று அவளுக்கும் கண் சரியாகத் தெரியவில்லை. அதற்குக் காரணம் புரை அல்ல.