சீர் வந்தது, மடி வரவில்லை

குன்றாண்டார்கோவில் பக்கம் இன்று அக்கா மகளுக்குக் காதுகுத்து. அவளை மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமன் நான். காடுமேடெல்லாம் ஏறும் நண்பனின் நாலு சக்கர ஏடிவி பைக்கில்தான் போய் இறங்குவேன் என்று அடம்பிடித்தேன்.

தரைப்பாலத்தில் கண்மாய்த் தண்ணீர் முட்டிக்கு மேல். "இதெல்லாம் வண்டிக்குத் தூசு" என்று இறக்கினேன்.

உள்ளே சக்கரத்தைச் சுழற்றும் பெல்ட் நனைந்து வழுக்கிவிட்டது. எஞ்சின் உறுமுகிறது, சக்கரம் அசையவில்லை. சீர்த்தட்டுகளோடு டிராக்டரில் வந்த பெண்கள் சிரித்துக்கொண்டே என்னைக் கடந்து போனார்கள்.

போனில் அக்கா: "சீரு வந்துருச்சு, மடி எங்கடா? ஆசாரி காத்துக்கிட்டு இருக்காருல்ல!"

வண்டியைக் கரைக்குத் தள்ளிவிட்டு ஓடினேன்.

மடியில் வைத்ததுமே, ஆசாரி ஊசியை எடுக்கும் முன்பே பிள்ளை வீறிட்டாள். என் வேட்டி அவ்வளவு ஈரம்.

பெல்ட்டைக் காயவைக்கத் தெரிந்தவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள். கமெண்டில் வேண்டாம், வண்டி கொடுத்த நண்பன் படிப்பான்.