தலைத்துணி நனையாத நீச்சல்

எங்கள் கரையில் ரிஸ்கானைப் பார்த்து நீச்சல் கற்றுக்கொண்டவர் யாருமில்லை. ஆனால் அவள் ஏரியில் இறங்கினால் பார்க்காமல் இருக்கவும் முடியாது. முழங்கால் மறையப் பருத்தி கவுன், தலையில் இறுக்கிக் கட்டிய பூப்போட்ட துணி, நீருக்கு மேலே விறைத்து நிற்கும் கழுத்து. கை இரண்டும் தண்ணீரைப் போட்டு அடிக்கும். எங்கள் இசிக்-குல் ஏரித் தண்ணீரில் லேசாக உப்பு உண்டு, ஆளைத் தூக்கிக் கொடுக்கும். அந்தப் புண்ணியத்தில்தான் அவள் நகர்ந்தாள் என்பேன். முப்பது வருஷத்தில் அந்தத் தலைத்துணி ஒருநாளும் நனைந்ததில்லை. எங்கள் வயசுப் பெண்கள் எல்லாருக்கும் அதே நீச்சல்தான். கல்யாணமானவள் வெறுந்தலையோடு நாலு பேர் கண்ணில் படக்கூடாது, ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு வீடு போனால் குளிரில் காது வலிக்கும். அதனால் தலையைத் தூக்கியே நீந்திப் பழகிவிட்டோம்.

சானடோரியம் என்கிற ஓய்வு விடுதியின் சலவைக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவள் ரிஸ்கான். ஈரப் போர்வையை ஒற்றை ஆளாக முறுக்கிப் பிழிவாள். ஐம்பத்து மூன்று வயதில், இனி இயந்திரமே துவைக்கும் என்று அனுப்பிவிட்டார்கள். கணவன் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆயிற்று. மகன் சமத் மாஸ்கோவில் டாக்சி ஓட்டுகிறான். வீட்டில் இவளும் மருமகள் ஜிபாரும் மட்டும்தான். ரஷ்யாவில், யெகாதெரின்பர்க்கில் உணவுக்கடை வைத்திருக்கும் தங்கை, பாத்திரம் கழுவ வா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். ரிஸ்கானுக்கு ஏரியை விட்டுப் போக மனசே இல்லை.

அப்போதுதான் ஏரியில் மூழ்குகிறவர்களைக் காப்பாற்றும் மீட்பு நிலையத்துக்கு உள்ளூரில் ஒரு ஆள் வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. வருஷம் முழுக்கச் சம்பளம். ஒரே ஒரு சோதனை: படகுத்துறையிலிருந்து மிதவை வரைக்கும் ஐம்பது மீட்டர். போய் வந்து போய் வந்து, இருநூறு மீட்டரை நாலரை நிமிஷத்துக்குள் முடிக்க வேண்டும். போன கோடையில் மூழ்கப்போன ஒரு சுற்றுலாக்காரனைத் தலைமுடியைப் பிடித்து இழுத்து வந்தவள் இவள். அந்தத் தைரியத்தில் பெயர் கொடுத்துவிட்டாள்.

சொல்லிக்கொடுக்க வீட்டிலேயே ஆள் இருந்தது. ஜிபார் கல்யாணத்துக்கு முன்னால் பிஷ்கெக்கில் ஒரு நீச்சல் குளத்தில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தவள். ஆனால் எங்கள் ஊர் மருமகள்கள் மாமியார் பெயரைச் சொல்ல மாட்டார்கள், முதுகைக் காட்ட மாட்டார்கள், குரலை உயர்த்த மாட்டார்கள். ஜிபார் அதில் நூற்றுக்கு நூறு. துறையில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள்.

"எப்படிடி இருக்கு?" என்று தண்ணீருக்குள்ளிருந்து ரிஸ்கான் கத்துவாள்.

"நல்லா இருக்கு அத்தை. கையைக் கொஞ்சம் நீட்டிப் போட்டா இன்னும் நல்லா இருக்கும்."

ஒரு மாதம் முழுக்க இதே பாட்டுத்தான். நான் துறைக்குப் பக்கத்தில் புகைபோட்ட மீன் விற்கிறேன். எல்லாம் என் கண்ணெதிரே நடந்தது.

சோதனை நாளில் நிலையத் தலைவர் வலேரி கடிகாரத்தைப் பிடித்தார். ரிஸ்கான் அடித்த அடியில் துறையில் நின்றவர்களெல்லாம் நனைந்தார்கள், தலைத்துணி மட்டும் நனையவில்லை. ஐந்து நிமிஷம் இருபது வினாடி.

"தலையைத் தூக்கினா இடுப்பு கீழ போயிடும்மா. பாதி பலம் உங்க இடுப்பை இழுக்கவே செலவாகுது" என்றார் வலேரி. "மூணு வாரம் கழிச்சு ஒரு தடவை வாங்க. அதுதான் கடைசி."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முதல் பார்வையிலேயே அந்த ஆளுக்குத் தெரிந்தது, பயிற்சி கொடுத்தவளுக்கு ஒரு மாதமாகத் தெரியாமலா போகும்? அன்று சாயங்காலமே அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஜிபார் டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். அவளை எதிரில் வைத்துக்கொண்டே கேட்டேன். என் வாய் அப்படி.

"ரிஸ்கான், நீ ரஷ்யா போயிட்டா இந்த வீடு யாருக்கு? யோசிச்சியா? வேணும்னேதான் சொல்லித் தராம விட்டிருக்கா."

ரிஸ்கான் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "தமாரா சொல்றது நெஜமா?"

ஜிபார் கெட்டிலையே பார்த்தாள். காது சிவந்துவிட்டது. "தலை மேல இருக்குன்னு மொத நாளே தெரியும் அத்தை. உள்ள போடணும்னா தலைத்துணியைக் கழட்டணும். மாமியாரைப் பார்த்து முக்காட்டை எடுங்கன்னு எந்த மருமக சொல்லுவா? என் வாயில வரல."

டீ ஆறிப்போனது.

"வீட்டுல நான் உனக்கு மாமியார்" என்றாள் ரிஸ்கான் கடைசியில். "தண்ணிக்குள்ள நான் ஒரு மக்கு மாணவி. அங்க வந்து மரியாதை பார்த்தேன்னா, உன்னையும் இழுத்து உள்ள தள்ளிடுவேன்."

மறுநாள் துறையில் தலைத்துணியை அவிழ்த்து என் கையில் கொடுத்தாள். அவள் தலைமுடி இவ்வளவு நரைத்திருக்கும் என்று எனக்கே அன்றுதான் தெரியும். ஜிபாரின் பழைய மஞ்சள் ரப்பர் தொப்பியை இரண்டு பேருமாகச் சேர்ந்து அவள் தலையில் மாட்டினோம்.

தலையை உள்ளே போட்டதும் வேறு தொல்லை. ரிஸ்கான் மூச்சை அடக்கிக்கொண்டாள், பத்து வீச்சில் முகம் நீலம் பாரித்தது. நீருக்குள்ளேயே மூச்சை விட்டுவிட வேண்டும், பக்கவாட்டில் திரும்பும்போது இழுக்க மட்டும்தான் நேரம் என்றாள் ஜிபார். இது எனக்குத் தெரியாது. ஒரு காலையில் பால் கேட்டு அவர்கள் வீட்டுக்குப் போகிறேன், சமையலறையில் மாமியாரின் தலை சலவைத் தொட்டிக்குள், மருமகளின் கை அவள் பிடரியில்!

"அடிப்பாவி! கொல்றாளே!" என்று ஜிபாரின் ஜடையைப் பிடித்து இழுத்தேன்.

தொட்டியிலிருந்து தலை எழும்பியது. "விடு தமாரா! இருபத்தெட்டு வரைக்கும் எண்ணிட்டேன், கெடுத்துட்டியே!"

பாலை வாங்கிக்கொண்டு பேசாமல் திரும்பினேன்.

ஜிபாருக்கு மெல்ல வாய் திறந்தது. நீட்டும் கை உடம்பைக் குறுக்கே தாண்டிப் போனதால்தான் ரிஸ்கான் பாம்பு போல வளைந்து வளைந்து போகிறாள் என்றாள். முழங்கையை மேலே வைத்து, தண்ணீரை அடிக்காமல் அணைத்துப் பின்னால் தள்ளச் சொன்னாள். ஆனாலும் பாதி வழியில் அந்தத் தலை பழைய ஞாபகத்தில் எழும்பிவிடும். அதற்கு ஜிபார் கண்டுபிடித்த வைத்தியம் இருக்கிறதே, அதற்காகவே நான் மீன் விற்பதை நிறுத்திவிட்டுப் போய் நிற்பேன். ரிஸ்கான் நீந்தும்போது இவள் துறையோடு கூடவே நடந்து திட்டுவாள். காது தண்ணீருக்குள் இருந்தால் கேட்காது. கேட்டால் தலை மேலே இருக்கிறது என்று அர்த்தம்.

"உப்பு போடாத நூடுல்சுக்கு என்னைக் குத்தம் சொன்ன கிழவி!" என்று ஆரம்பித்தாள் முதல் நாள். ஐந்தாம் நாளெல்லாம் வெளுத்து வாங்கினாள். "கஞ்சப் பிசினாறி! சர்க்கரை டப்பாவைப் பூட்டி வைக்கிற மகராசி! என் அம்மா வந்தப்ப நல்ல கறியை ஒளிச்சுட்டு வெறும் ஆட்டு வாலைக் குடுத்து அனுப்பினவ!" கல்யாணமாகி வந்த நாலு வருஷச் சரக்கு மொத்தமும் வந்தது. துறையில் கூட்டம் கூடிவிட்டது.

ரிஸ்கான் மூச்சு வாங்கிக்கொண்டு கரை ஏறுவாள். "சர்க்கரை டப்பான்னு ஒண்ணு காதுல விழுந்துச்சு. அதுக்கு முன்னாடி என்ன சொன்ன?"

"அது விழலையா? அப்ப தலை சரியா இருந்துச்சு அத்தை."

என்ன சொன்னாள் என்று தெரிந்துகொள்ள ரிஸ்கானுக்கு ஆசை துடிக்கும். ஆனால் தலையைத் தூக்கினால் நேரம் போகும். மூன்றாவது வாரம் நாலு நிமிஷம் நாற்பதில் வந்து நின்றாள். அதற்குக் கீழே இறங்கவே இல்லை. சோதனைக்கு முந்தைய நாள் அவள் பயணப் பெட்டியை வெளியே எடுத்துத் தூசி தட்டுவதைப் பார்த்தேன். யெகாதெரின்பர்க் தங்கை டிக்கெட்டுக்கு நாள் கேட்டிருந்தாளாம்.

மறுநாள் ஏரி கண்ணாடியாய்க் கிடந்தது. வலேரி ஊதலை ஊதினார். முதல் ஐம்பதில் மஞ்சள் தொப்பி நேர்கோட்டில் போனது. நூறில் ஒரு நிமிஷம் ஐம்பத்தெட்டு, அவள் இதுவரை போகாத வேகம். ஜிபாரின் முகம் வெளுத்தது.

"வேகமாப் போயிட்டாங்க. கடைசியில மூச்சு வாங்கும், தலையைத் தூக்கிடுவாங்க."

நூற்றைம்பதைத் தாண்டியதும் அப்படியே ஆயிற்று. தொப்பி மேலே எழும்பியது, இடுப்பு அமுங்கியது, கை தண்ணீரை அடிக்க ஆரம்பித்தது. ஜிபார் திட்டுவாள் என்று எல்லாரும் பார்க்கிறோம். அவள் திட்டவில்லை. துறையின் ஓரத்தில் மண்டிபோட்டு உட்கார்ந்து, உடைந்த குரலில் கத்தினாள்.

"போகாதீங்க அத்தை! என்னைத் தனியா விட்டுட்டுப் போகாதீங்க!"

தலை மேலே இருந்ததால் அது கேட்டிருக்க வேண்டும். மஞ்சள் தொப்பி உள்ளே போனது, பிறகு எழும்பவே இல்லை. கை நீண்டது, முழங்கை மேலே நின்றது. துறையின் மரத்தில் அவள் விரல் பட்டபோது வலேரி கடிகாரத்தை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். நாலு நிமிஷம் இருபத்தேழு.

நான் கூட்டத்தின் நடுவே குதித்தேன், வெட்கமே படவில்லை. வலேரி வேலைக் காகிதத்தில் ரிஸ்கானிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். துண்டைச் சுற்றிக்கொண்டு ரிஸ்கான் படிக்கட்டில் உட்கார்ந்தாள், குளிரில் பல் தந்தியடித்தது. பக்கத்தில் ஜிபார், அழுது மூக்கு வீங்கிப்போய்.

"அத்தை, ஒண்ணு சொல்லணும். அன்னைக்குத் தமாரா அக்கா கேட்டதுக்கு நான் முழுசா பதில் சொல்லல. தலைத்துணியும் காரணம்தான். ஆனா மொத வாரம்... நீங்க ரஷ்யா போயிட்டா நல்லா இருக்குமேன்னு நெனச்சேன். ஒரே ஒரு வாரம்."

நான் வாயைத் திறந்தேன். ரிஸ்கான் ஒரு முறை முறைத்தாள், மூடிக்கொண்டேன்.

பிறகு ஈரக் கையால் மருமகளின் கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.

"ஒரு வாரம்தானா? என் மாமியார் எங்கயாவது போயிடணும்னு நான் பதினோரு வருஷம் நெனச்சேன்டி. அவ போனப்பறம்தான் தெரிஞ்சுது, வீட்டுல சண்டை போடக்கூட ஆள் இல்லன்னு. எந்திரி, குளுருது, வீட்டுக்குப் போலாம்."