நெத்திலிக் காவல்

அத்தைக்கு உப்பு ஆகாது என்று எங்கள் வீட்டில் சட்டம் வந்தபோது எனக்கு ஒன்பது வயது. அவள் அதை மீறுகிறாளா என்று பார்க்கும் வேலையை அப்பா என்னிடம் கொடுத்தார். என்னைவிடத் தவறான ஆள் அந்தக் குப்பம் முழுக்கத் தேடியிருந்தாலும் அவருக்குக் கிடைத்திருக்காது.

அத்தை அப்பாவுக்கு அக்கா. மாமா இறந்தபிறகு எங்களோடு இருந்தாள். மாமல்லபுரத்துக்கு வடக்கே எங்கள் குப்பத்தில் காயவைத்த கருவாட்டைக் கூடையில் அள்ளிக்கொண்டு, ஷேர் ஆட்டோ ஏறி, கேளம்பாக்கம் ஃபிளாட்டுகளில் விற்றுவிட்டு வருவாள். தராசெல்லாம் வாங்குகிறவர்களின் திருப்திக்குத்தான். கூடையைத் தூக்கினாலே எடை சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவளுக்கு நாற்பது வயதுகூட ஆகாமல் பிரஷர் வந்தது. கால் வலுவிழந்து, ஆட்டோ ஏறவே யாராவது கை கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு மாத்திரை மூன்றானது. உப்பில்லாத கஞ்சியை முகம் சுளிக்காமல் குடித்தாள். அப்படியும் பிரஷர் இறங்கவில்லை என்றதும் வீட்டில் எல்லோருக்கும் ஒரே பதில்தான் தோன்றியது: கருவாட்டுக்காரி வாயைக் கட்டவில்லை.

கூடையில் நெத்திலிக் கருவாடு குறைந்ததும் உண்மைதான். பள்ளி விட்டதும் ஒரு பிடி அள்ளிப் பாவாடையில் முடிந்துகொண்டு, படகு மறைவில் உட்கார்ந்து பச்சையாகவே மென்றது நான்.

ஒருநாள் அப்பா பொறுமை இழந்தார். “இன்னாக்கா, சாவறதுக்கா மாத்திர போட்டுகினு கீற? நாக்க அடக்க முடியலயா உனுக்கு?”

“நான் தொடலடா,” என்றாள் அத்தை. அப்பாவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். கதவோரம் வாய் நிறைய நெத்திலியோடு நின்ற என்னைப் பார்க்கவில்லை. பயத்தில் அப்படியே விழுங்கினேன். அதன்பிறகு அவள் பேச்சை வீட்டில் யாரும் நம்பவில்லை.

செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடமும் அப்பா அதையே சொன்னார். “ஒளிச்சி வெச்சி கருவாடு துன்னுதும்மா இது.”

டாக்டரம்மா அத்தை பக்கம் திரும்பினார். “சாப்பிடலன்னுதானே அவங்க சொல்றாங்க? அது நெஜம்னே வெச்சிக்கலாம்,” என்று ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். பிறகு ஸ்கேன். சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் சுரப்பியில் சுண்டைக்காய் அளவு கட்டி. அது சுரந்த ஹார்மோன்தான் உப்பை உடம்பிலேயே பிடித்துவைத்து, காலுக்குப் பலம் தரும் சத்தை வெளியே தள்ளி, பிரஷரை ஏற்றிக்கொண்டிருந்தது. கட்டியை எடுத்தார்கள். சில வாரங்களில் மூன்று மாத்திரை ஒன்றானது. அப்பா ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அழுதார். அத்தை முன்னால் அழ அவருக்குத் தைரியம் இல்லை.

மறுபடி கூடை எடுத்த முதல் நாள், அத்தை ஒரு பிடி நெத்திலியை என் கையில் வைத்தாள். “வறுத்து துன்னு. படகாண்ட போய் பச்சையா துன்னாத, வவுறு நோவும்.”

கட்டியைக் கண்டுபிடித்த ஸ்கேன்தான் என்னையும் காட்டிக்கொடுத்துவிட்டது என்று வெகுநாள் நம்பினேன். கூடையைத் தூக்கியே எடை சொல்கிறவளுக்கு நான் அள்ளிய முதல் நாளே தெரிந்திருக்கும். என் பேரைச் சொல்லியிருந்தால் அன்றே அந்தப் பழியிலிருந்து தப்பியிருப்பாள். அப்பா கத்தியபோது அவள் ஏன் என் பக்கம் மட்டும் திரும்பவே இல்லை என்பது அந்த வயதில் எனக்குப் புரியவில்லை.