தூங்காத பழ ஈக்கள்

“ஏட்டி, ஈயைத் தூங்க விடாமப் பண்ணவா இம்புட்டுப் படிச்ச? எங்கண்ணன் மில்லுல தூக்கத்தத் தொலைச்சது பத்தாதாக்கும்?”

அத்தை கேட்டதும் எல்லோரும் சிரித்தார்கள். அப்பா நைட் ஷிஃப்ட் முடித்து வந்து, ஜன்னலில் போர்வையைக் கட்டிவிட்டு உள்ளே படுத்திருந்தார்.

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அந்தப் பெருமையோடு ராஜபாளையத்தில் பஸ் ஏறிவிட்டேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் ஒரு கல்லூரி ஆய்வகம். உணவில் காஃபீன் கலந்தால் பழ ஈக்களின் தூக்கம் எவ்வளவு குறைகிறது என்பது என் ஆய்வு. அப்பாவை விடிய விடிய மிஷின் முன்னால் நிறுத்தி வைக்கும் டீயில் இருப்பதும் அதே காஃபீன்தான்.

ஆடிப்பூரத்தன்று தேர் பார்க்க எல்லோரும் போய்விட்டார்கள். ஈக்களின் அசைவைப் பதியும் கருவியோடு நான் மட்டும் இருந்தேன். காஃபீன் கலக்காத உணவைத் தின்ற ஈக்களும் சரியாகத் தூங்கவில்லை என்று திரை காட்டியது. அவை தூங்கினால்தானே மற்றவற்றை ஒப்பிட முடியும்? வெளியே வேட்டுச் சத்தம் கேட்டது. சொல்ல ஆளில்லை.

மறுநாள் என் ஆய்வை வழிநடத்தும் மேடம் பார்த்தார். “இத வச்சு ஒண்ணும் எழுத முடியாதும்மா. மாசக் கடைசிக்குள்ள சரியா வரலேன்னா இந்த மிஷின் அடுத்த பொண்ணுக்குப் போயிரும்.”

அன்று மாலை அம்மா குழம்புச் சட்டியைத் துணியால் வழித்துத் துடைத்து, அதிலேயே ரசம் கூட்டினாள்.

“கழுவலையாம்மா?”

“தண்ணி வர இன்னும் ரெண்டு நாளாகும். வயித்துக்குள்ள போனா எல்லாம் ஒண்ணுதானட்டி.”

எனக்கு ஆய்வகப் பாத்திரம் நினைவுக்கு வந்தது. ஆய்வகக் குழாயில் எப்போதும் தண்ணீர் வரும். ஆனாலும் என் கை வீட்டுப் பழக்கத்தை விடவில்லை. முக்கியமானது முதலில் முடியட்டும் என்று காஃபீன் உணவைக் காய்ச்சுவேன். பாத்திரத்தைத் துடைத்துவிட்டு, அதிலேயே வெறும் உணவையும் காய்ச்சுவேன்.

பாத்திரத்தில் ஒட்டியிருந்த காஃபீன்தான் காரணம் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. அம்மாவிடம் எங்கிருந்து தொடங்குவது? அப்பா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். “என்னம்மா?” என்றார். “ஒண்ணுமில்லப்பா” என்றேன்.

மேடத்திடம் நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. “மாசக் கடைசி மாறாது” என்று மட்டும் சொன்னார்.

பழைய முடிவுகள் அத்தனையையும் ஒதுக்கினேன். பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவி, வெறும் உணவை முதலில் காய்ச்சினேன். காஃபீனுக்கு வேறு பாத்திரம் வைத்துக்கொண்டேன். இன்று காலை புது ஈக்களைக் கண்ணாடிக் குழாய்களில் அடைத்துக் கருவியை ஓடவிட்டேன்.