வெற்றிக் கோப்பையும் சஷ்டி விரதமும்

கோயில் மதிலுக்கு இன்று சுண்ணாம்பு அடிக்கிறார்கள். அந்த ஈர நெடி, முப்பதுகளின் பினாங்கில், இப்போது அடுக்குமாடிகள் விழுங்கிவிட்ட வெள்ளைக்காரர்களின் ரக்பி கழகத் திடலுக்கு என்னை இழுத்துச் செல்கிறது. அங்கே என் தந்தை புல்லைச் செதுக்கி, கயிறு கட்டிக் கோடிட, எட்டு வயது மகளாகிய நான் வாளியில் சுண்ணாம்பு கலக்குவேன். மதங்கொண்ட ஆட்டக்காரர்களின் உடல்கள் மோதிப் புரண்டு, மாலைக்குள் அனைத்தையும் சேறாக்கிவிடும்.

அக்கழகம் கோப்பையை வென்ற மாலை, துரைமார் அதில் மதுவை நிரப்பி, வாய்க்கு வாய் மாற்றிக் குடித்து, எச்சிலோடு தந்தையிடம் நீட்டினார்கள்.

"குடிச்சிருங்க அண்ணே, இல்லாட்டி வேலையோட கழகம் குடுத்த வீடும் போயிடும் லா," என்றார் கழகத்தில் கணக்கெழுதும் தமிழ்க் கிராணி.

"சஷ்டி விரதம் தம்பி. பச்சத்தண்ணிகூட வாயில படல."

"நாளைக்கு முருகனா வந்து வீடு குடுப்பாரு?"

தந்தை இரு கைகளாலும் கோப்பையை வாங்கி, முழுவதையும் புல்லில் கவிழ்த்தார். மறுநாள் எங்கள் பாய்களும் சட்டிகளும் தெருவில் கிடந்தன.

அக்கழகத்தின் சாதனைகளைப் போற்றும் நூலில் அந்த வெற்றிக்கு ஒரு முழுப் பக்கம் தந்திருக்கிறார்கள்; என் தந்தைக்கு ஒரு வரிகூட இல்லை. நாள்தோறும் நான் ஓதும் பாடலில், பகைவனுக்கும் அருளச் சொல்லும் அடி வரும்போது மட்டும் வாயை மூடிக்கொள்கிறேன். கந்தன் பொறுத்துக்கொள்வான்.