எனக்கு வராத வருத்தம்

அண்ணையின் போன் விளையாட்டு ஒரு வருத்தமாக முற்றியபோது எனக்குப் பத்து வயது. நோயை நாங்கள் வருத்தம் என்றுதான் சொல்வோம். அவனுக்குப் பதினாறு. ஓ.எல். பரீட்சை எடுக்க வேண்டிய வருடம். மானிப்பாய்க்கு ரியூசனுக்குப் போவதாகச் சைக்கிளில் புறப்படுவான். போனது சிநேகிதன் வீட்டுக்கு. அங்கே பின்னேரம் முழுவதும் போனுக்குள் யாரையோ துரத்திச் சுட்டுக்கொண்டிருப்பான். வீட்டில் இடது கையில் போனும் வலது கையில் புட்டுமாக இருப்பான். ஒருநாள் அம்மா போனைப் பறித்தபோது புட்டுக் கோப்பையைத் தூக்கிச் சுவரில் அடித்தான். பிறகு, தான் என்ன செய்தான் என்று தெரியாதவன்போல உடைந்த துண்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பள்ளிக்கூடத்து ஆலோசனை ரீச்சர் அப்பாவையும் அம்மாவையும் கூப்பிட்டுக் கதைத்தார். அடிக்க வேண்டாம், பறிக்கிறதால் மட்டும் சரிவராது, பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும், சனிக்கிழமை மட்டும் அரை மணித்தியாலம் கொடுங்கள் என்றாராம். வெங்காயத்துக்கு மருந்தடிக்கும்போது போத்தலில் எழுதியிருக்கிற அளவை ஒரு துளி மாற்றாதவர் அப்பா. ரீச்சர் சொன்னதையும் அப்படியே செய்தார்.

எனக்குப் பற்றி எரியத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

பேச்சுப்போட்டியில் நான் முதலாவதாக வந்து பரிசு வாங்கிய அன்று, தோட்டத்துக்குத் தண்ணீர் இறைப்பு இருக்கிறது என்று அப்பா வரவில்லை. அதே அப்பா இப்போது பின்னேரமானால் இறைப்பை நேரத்தோடு முடித்துவிட்டு, அண்ணையோடு கரப்பந்து விளையாடப் போனார். பந்தைத் தொட்டு இருபது வருடமாவது இருக்கும். இரண்டாம் நாளே கணுக்கால் வீங்கிவிட்டது. எண்ணெய் பூசிக்கொண்டு மூன்றாம் நாளும் போனார். இருவரும் வியர்த்து வழிந்து, ஏதோ சொல்லிச் சிரித்தபடி வருவார்கள். நான் வேலிப் படலையில் நிற்பேன். என்னைப் பார்த்தும் அந்தச் சிரிப்பின் காரணத்தை ஒருவரும் சொல்ல மாட்டார்கள்.

அம்மா அவனுக்குப் பிடித்த கணவாய்க் கறியைக் கிழமைக்கு இரண்டு தரம் வைத்தார். எனக்குப் பாலப்பம் சுட்டுத் தரச்சொல்லிக் கேட்டால், "அண்ணைக்குத்தானே இப்ப ஏலாமல் இருக்கு. நீ கெட்டிக்காரி, உனக்கென்ன?" என்பார். கெட்டிக்காரி என்ற சொல்லைப்போல நான் வெறுத்த சொல் அந்த நாட்களில் வேறில்லை.

யோசித்துப் பார்த்ததில் எனக்கு வழி ஒன்றுதான் தெரிந்தது. அந்த வருத்தம் எனக்கும் வர வேண்டும்.

போனை அம்மா அலுமாரியில் வைத்துப் பூட்டி, திறப்பைச் சாமிப்படத்துக்குப் பின்னால் வைப்பதைப் பார்த்திருந்தேன். போனைத் திறக்க அண்ணை விரலால் கோடு இழுக்கும் விதமும் எனக்கு மனப்பாடம். மூன்று நாள் பின்னேரம், வீட்டில் ஆளில்லாத நேரம் பார்த்து விளையாடினேன். தொடங்கிய நிமிடத்திலேயே என்னைச் சுட்டுப்போட்டார்கள். மறுபடி தொடங்கினேன், மறுபடி சுட்டார்கள். எனக்கு அலுப்பாக இருந்ததே தவிர வருத்தம் வருகிற அறிகுறி ஒன்றும் தெரியவில்லை. அதுகூட அவனுக்குத்தான் வரும்போலும் என்று ஆத்திரமாக இருந்தது.

மூன்றாம் நாள் அம்மா மாதர் சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்தார். அப்பா உரம் எடுக்கப் போனதால், அண்ணையை முதல்முறையாகத் தனியே விளையாடப் போக விட்டிருந்தார். அப்பா நேரே வீட்டுக்குத்தான் வருவார் என்று தெரிந்து, கதவைத் திறந்துவைத்து, கதிரையில் வடிவாக உட்கார்ந்து, பிடிபடுவதற்காகக் காத்திருந்தேன்.

ஆனால் முதலில் வந்தது அண்ணை. விளையாட ஆட்கள் சேரவில்லையாம். என் கையைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"எங்கையிருந்து எடுத்தனி?"

போனிலிருந்து வந்த அந்த இசைக்கு அவனுடைய கட்டைவிரல்கள் இரண்டும் தாமாக அசைவதைக் கண்டேன். சட்டென்று எனக்கு வேறு யோசனை வந்தது. இவன் திரும்பவும் விளையாடத் தொடங்கினால் அப்பா வெறுத்துப்போய்க் கைவிட்டுவிடுவார். போனை நீட்டினேன்.

"இந்தா அண்ணை, விளையாடு. நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்."

இதைச் சொன்னபோது என் குரல் எவ்வளவு இனிமையாக இருந்தது என்பது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

அவன் வாங்கினான். கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு போனின் விளிம்பிலிருந்த பொத்தானை அழுத்திப் பிடித்தான். திரை கறுப்பாகும்வரை கையை எடுக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் தோளில் உரப்பையோடு அப்பா உள்ளே வந்தார். பையை இறக்கிவைத்தார். அண்ணையின் கையைப் பார்த்தார்.

"ஆர் எடுத்தது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணை சொன்னான்: "நான்தான் அப்பா."

"பொய்!" என்று கத்தினேன். "நான்தான் எடுத்தனான்! நான்தான் விளையாடினனான்! மூண்டு நாளா விளையாடுறன்!"

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் முகம் இளகியது. கிட்ட வந்து, உரம் மணக்கும் கையை என் தலையில் வைத்தார்.

"அண்ணையிலை உனக்கு இவ்வளவு பாசமே, பிள்ளை?" என்றார். "அவனுக்காகப் பொய் சொல்லக் கூடாது. போய்ப் படி."

அவருக்குப் பின்னால் நின்ற அண்ணை, பேசாதே என்று தலையை ஆட்டினான்.

அப்பா அவனை ஏசவில்லை. கதிரையில் இருந்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். சனிக்கிழமை அரை மணித்தியாலம் இனி ஒரு மாதத்துக்கு இல்லை என்றார். "சரி, முதலிலை இருந்து தொடங்குவம்," என்றார். அண்ணை "ஓம்" என்றான். பிறகு இருவருமாக உரப்பையைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போனார்கள்.

அண்ணை பரீட்சையில் தேறினான்; வருத்தமும் மெல்ல மெல்லக் கழன்றது. அன்று நடந்ததை அவன் இன்றுவரை அப்பாவுக்குச் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை.

அன்று நான் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அண்ணை எனக்காக எதையும் விட்டுக்கொடுத்தான் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. மூன்று நாள் பாடுபட்டு நான் செய்த ஒரேயொரு குற்றம். அதையும் தனதென்று சொல்லி எடுத்துக்கொண்டு, அப்பாவையும் கூட்டிக்கொண்டு போகிறானே என்றுதான் அழுதேன்.