சோடாவுக்கு ஒரு அலமாரி

அண்ணன் குடியை விட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது. எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம்தான். ஆனால் குடியோடு சேர்த்து மனுஷர்களையும் விட்டுவிட்டார். கல்யாணத்துக்கு வந்தால் பந்திக்குக்கூட நிற்காமல் கிளம்பிவிடுவார். ஞாயிறு சாயங்காலம் எங்கள் வீட்டு மாடியில் நாலு பேர் கூடிப் பேசுவது வழக்கம், அதற்கும் வருவதில்லை. கேட்டால், "கையில இன்னாத்தம்மா வெச்சினு உக்கார்றது? கை சும்மா இருந்தா வாயும் சும்மா இருக்குது" என்றார்.

நான் படித்தது எட்டாவது வரைதான். மீதியெல்லாம் மற்றவர்கள் பேசக் கேட்டுக் காதால் படித்தது. யார் எதை அழகாகச் சொன்னாலும் சேர்த்து வைத்துக்கொள்வேன். அண்ணன் சொன்னதை மட்டும் சேர்த்து வைக்கப் பிடிக்கவில்லை. ஆனாலும் அரிசி களையும்போதெல்லாம் அது தண்ணீரோடு மேலே வந்து மிதந்தது.

அப்படித்தான் வீட்டில் ஒரு பார் வைக்கிற யோசனை வந்தது. சாராயம் இல்லாத பார். பன்னீர் சோடா, கோலி சோடா, எலுமிச்சை, இஞ்சி, புதினா. ஆனால் அலமாரியும் மேசையும் டம்ளரும் நிஜமான பாரில் இருப்பது மாதிரியே இருக்க வேண்டும், அதுவும் பழைய காலத்து மரத்தில். அண்ணன் எங்கள் நடுவே வந்து உட்கார வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதை ஓரத்தில் வீட்டை வைத்துக்கொண்டு அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்ல முடியுமா? என் வீட்டுக்காரர் சொன்னார். மாடியில் நின்று போனில், "மச்சான், ஒரு பார் பாக்கப் போறோம், கூட வாங்க" என்று கத்தினார். கீழே வாசல் தெளித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டம்மா நிமிர்ந்தார்.

"எதைப் பாக்கப் போறீங்க?"

"அதாங்க, பாக்கப் போறோம்" என்றேன்.

"அதான் எதைன்னு கேக்குறேன்."

நான் துணி எடுக்க உள்ளே போய்விட்டேன். அண்ணன் மர அறுவை மில்லில் பல வருஷம் வேலை பார்த்தவர். மரம் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றதும் சரி என்றார். யாருக்காக என்று நாங்கள் சொல்லவில்லை.

பழைய சாமான் கடை செங்கம் ரோட்டில் இருந்தது. அந்தப் பக்கம் வாடகைக்கு அறை எடுத்து வருஷக்கணக்கில் தங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் ஊருக்குத் திரும்பும்போது விட்டுப் போவதும், இடித்த பெரிய வீடுகளிலிருந்து வருவதும் அங்கேதான் வந்து சேரும். வெளியே பகல் பதினோரு மணி. உள்ளே அது எந்தப் பொழுதும் இல்லை. தகரக் கூரையின் ஓட்டைகள் வழியாக வெயில் கம்பி கம்பியாக இறங்கியது. அதில் தூசி அவசரமே இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. கவிழ்த்து அடுக்கிய நாற்காலிகளின் கால்கள் தலைக்கு மேலே ஒரு தோப்பு மாதிரி நின்றன. ரசம் போன கண்ணாடிகளைக் கடக்கும்போதெல்லாம் தண்ணீருக்கு அடியில் நடப்பது போல இருந்தது. கடைக்கார பாய் தாழ்ந்த குரலில்தான் பேசினார், அந்தச் சாமான்களெல்லாம் தூங்குகின்றன என்பது போல.

உயரமான இரண்டு ஸ்டூல்களை முதலில் காட்டினார். என் வீட்டுக்காரர் ஒன்றில் ஏறினார். கால் தரைக்கு எட்டவில்லை.

"வெள்ளைக்காரங்களுக்குக் காலு நீளங்க" என்றார் பாய்.

"ஏறிடலாம் மாப்ள. எறங்குறப்பதான் தெரியும்" என்றார் அண்ணன். "அனுபவஸ்தன் சொல்றேன்."

சக்கரம் வைத்த பித்தளைத் தள்ளுவண்டி ஒன்று எனக்குப் பிடித்திருந்தது. அண்ணன் அதைத் தள்ளிப் பார்த்துவிட்டு, "ஊசி போட வர்ற மாதிரி இருக்குதும்மா" என்றார். அதுவும் போனது.

அப்போதுதான் மூலையில் அந்த அலமாரியைப் பார்த்தேன். இடுப்புக்குச் சற்று மேல் உயரம், கறுத்த மரம், பித்தளைக் கீல்.

"அது உங்களுக்கு வேணாம்மா. பூஜை அலமாரி. நல்ல குடும்பத்துல இருந்து வந்தது. கலசம் வைக்கக் குழிகூட வெட்டியிருக்கான் பாருங்க" என்று பாய் கதவைத் திறந்தார்.

உள்ளே பின்பக்கம் முழுக்கக் கண்ணாடி. அதில் மூன்று குங்குமப் பொட்டு. மேல் பலகையில் கற்பூரக் கரி. கீழ்த்தட்டில் வட்டமாக ஆறு குழிகள்.

அண்ணன் குனிந்தார். பின்னால் கையை விட்டுத் தடவி விரலை முகர்ந்தார். "தேக்கு. செல்லரிக்கல." பிறகு ஒரு குழிக்குள் விரல்களை விரித்துப் பார்த்தார். "பாய், இது கலசத்துக்கு வெட்டுனது இல்ல. பாட்டிலுக்கு வெட்டுனது."

தட்டுகளுக்கு நடுவில் இருந்த குமிழை அழுத்தினார். முன்பலகை மெதுவாகச் சாய்ந்து மேசையாக வந்து நின்றது.

பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். "யா அல்லா! இத்தினி நாளா வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் பூஜை அலமாரினு சொல்லினு இருக்கேன்!"

"நீங்க சொல்லத்தான் சொன்னீங்க, அந்தக் குடும்பம் கும்புட்டே இருக்குதே பாய்" என்றார் என் வீட்டுக்காரர்.

சிரித்தோம். கண்ணாடிக்குள் எங்கள் நாலு பேர் முகத்துக்கும் பின்னால் கடை வாசல் தெரிந்தது. வாசலுக்கு வெளியே மலை, பொட்டுகளுக்கு நடுவே, கையகலத்துக்குச் சிறியதாக. அண்ணனின் கை பலகையிலேயே இருந்தது.

"யாருக்கும்மா இது?"

"உனக்குத்தாண்ணா" என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

அண்ணனின் முகம் சுருங்கிப்போயிற்று. "சோடா குடிக்கறதுக்கு பாரா? சின்னப் புள்ளைக்குச் சொப்பு வாங்கித் தர்றியா? வர்றவன் போறவன்லாம் என்னப் பாத்துச் சிரிக்கணும், அவ்ளோதான?"

செருப்பை மாட்டிக்கொண்டு ரோட்டில் இறங்கிவிட்டார். வேண்டாம், விட்டுவிடலாம் என்றார் என் வீட்டுக்காரர். நான் அதையே வாங்கினேன். ஒன்றுக்கென்று செய்தது இன்னொன்றாகி இத்தனை வருஷம் மரியாதையாக நின்றிருக்கிறதே என்று தோன்றியது. வேறு காரணம் சொல்லத் தெரியவில்லை.

அந்த ஞாயிறு மாடியில் அலமாரியைத் திறந்து வைத்தோம். பொட்டை நான் துடைக்கவில்லை. வழக்கமான நாலு பேர் வந்தார்கள். வெயில் சாய்ந்து, மலை நாவல்பழ நிறத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் கோலியைத் தட்டிச் சட்டையெல்லாம் நனைத்துக்கொண்டார். உப்பை அள்ளிப் போட்டார். யாருக்கும் வாயில் வைக்க முடியவில்லை.

படிக்கட்டு முனையில் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது. "சும்மா பாக்கத்தான் வந்தேன்" என்றார். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை. ஐந்து நிமிஷம் என் வீட்டுக்காரரின் கையையே பார்த்தார். அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"தள்ளு மாப்ள. டம்ளரோட வாயைப் புடிச்சிக் குடுக்கறே, குடிக்கறவன் எங்க வாய வெப்பான்?"

என் வீட்டுக்காரர் நின்ற இடத்தில், பலகையை ஒட்டிப் போய் நின்றார். துண்டை மடித்துத் தோளில் போட்டார். டம்ளர்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துத் துடைத்தார். இஞ்சியை நசுக்கினார், புதினாவை உள்ளங்கையில் தட்டிப் போட்டார், கோலியை ஒரு சொட்டு சிந்தாமல் இறக்கினார். முன்னால் உட்காருபவராகவே அவரை நான் நினைத்து வைத்திருந்தேன். பாரில் ஊற்றுகிறவன் பக்கம் என்று ஒன்று இருப்பது எனக்குத் தோன்றவே இல்லை.

அவருடைய பழைய கூட்டாளி ஒருவர் டம்ளரை நீட்டி, கண்ணடித்தார். "உள்ள வேற எதனாச்சும் இருக்குதாப்பா?"

அண்ணன் பலகையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இருக்குது. இஞ்சி ஜாஸ்தி போட்டது ஒண்ணு. தாங்க மாட்டே, அழுதுடுவே."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. கூட்டாளி விடவில்லை. "நீ ஒரு வாய் குடியேன், பாக்கலாம்."

"ஊத்துறவன் குடிக்கக் கூடாதுப்பா. அது கடை ரூலு."

கடைசி ஆள் இறங்கும்வரை அண்ணன் இருந்தார். டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தார். படியில் பாதி இறங்கியவர் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அடுத்த வாரம் எலுமிச்சம்பழம் இது பத்தாது. நாட்டுப் பழமா பாத்து ஜாஸ்தியா வாங்கி வை. நான் அஞ்சு மணிக்கே வந்துடறேன்."